எட்டு மாட்டு ஏர்

மாடுகளின் பெயர்கள் எனக்கு இன்னும் வரிசை தவறாமல் நினைவிருக்கின்றன, ஐயா. மனிதர்கள் விஷயத்தில்தான் சந்தேகம். யார் முதலில் போனார்கள், யார் பிறகு, அது பெரிய பனிக்கு முன்பா பின்பா என்று கேட்டால் தப்பாகச் சொல்லிவிடக்கூடும். பதினாறு வருடம் ஆகிவிட்டது. சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுப் பேசுகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

உங்கள் அரசரின் நிலக் கணக்கெடுப்புக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் எட்டுப் பேரை வரச் சொல்லியிருந்தீர்கள். பாதிரியார், மணியக்காரர், குடியானவர்கள் ஆறு பேர். ஹெல்கபியிலிருந்து நான் ஒருவன்தான் வந்திருக்கிறேன். மற்றவர்கள் எங்கே என்று உங்கள் துபாஷி இரண்டு தடவை கேட்டுவிட்டார். அதற்குப் பதில் நீளமானது. அவர் அவசரப்படாமல் உங்கள் மொழியில் சொல்லட்டும்.

காலையிலிருந்து இந்த வாசலில் நின்று கவனித்தேன். எனக்கு முன்னால் வந்த நான்கு ஊர்களுக்கும் நீங்கள் ஒரே சொல்லைத்தான் எழுதினீர்கள். பாழ். பேனாவை இரண்டு தடவை இழுத்தால் முடிந்துவிடுகிற சிறிய சொல். எங்கள் ஊருக்கு அதை எழுத வேண்டாம் என்று கேட்கத்தான் இரண்டு நாள் நடந்து வந்தேன். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

நீங்கள் எல்லோரிடமும் மூன்று கேள்வி கேட்கிறீர்கள். பழைய அரசர் எட்வர்ட் காலத்தில் எத்தனை ஏர், பிறகு எத்தனை, இன்று எத்தனை. அதே வரிசையில் சொல்கிறேன்.

பழைய அரசர் காலத்தில் ஒரு முழு ஏர். எங்கள் மண் கெட்டியான களி. ஈரமாக இருந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கல். இரண்டு மாடு, நான்கு மாடு எல்லாம் அதில் கொழுவை நகர்த்தாது. எட்டு வேண்டும். ஊரில் எட்டு வீடு. வீட்டுக்கு ஒரு மாடு. தனியாக எந்த வீட்டாலும் ஒரு சால் ஓட்ட முடியாது. எட்டையும் ஒரே ஏரில் பூட்டினால்தான் அது ஊர். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஆட்கள், அவ்வளவுதான்.

அந்த ஏரும் விதையும் மணியக்காரர் பொறுப்பு. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த முதல் திங்கட்கிழமை கலப்பையைக் கோயில் வாசலுக்கு இழுத்து வருவோம். மணியக்காரர் கொழுவில் கை வைத்து எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்வார். ஏரைப் பிரிய விடமாட்டேன், விதையைத் தின்ன விடமாட்டேன். இந்த இரண்டுதான். பிறகு வசந்தத்தில் முதல் சால் ஓட்டும்போது, ஊரில் விளைந்த எல்லாத் தானியத்தின் மாவையும் கலந்து சுட்ட ஒரு ரொட்டியைச் சாலுக்கடியில் வைத்து மூடுவோம். நிலத்துக்கு அது முதல் கவளம். என் அப்பா பத்தொன்பது வருடம் அந்தச் சத்தியத்தைச் செய்தார். அவருக்குப் பிறகு நான். என் பெயர் கெட்டில். எழுதவில்லையென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏர் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒரு தடவை பார்த்திருந்தோம். நார்வே அரசன் கப்பல்களோடு வந்த அந்த செப்டம்பரில் அவன் ஆட்கள் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து நாள் கழித்து அவனைத் துரத்திக்கொண்டு, எட்வர்டுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த எங்கள் அரசன் தெற்கிலிருந்து வந்தான். அவன் ஆட்கள் இன்னொன்றைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோகும்போது வாழ்த்திவிட்டுப் போனார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். அடுத்த மாதமே தெற்கில் அவனும் செத்து, உங்கள் அரசர் வந்தார். ஆறு மாட்டோடு இரண்டு வசந்தம் களியைக் கீறிப் பார்த்தோம். அந்த இரண்டு வருடமும் ஊரில் பிறந்த ஒரு குழந்தைகூடத் தங்கவில்லை. என்னுடையது இரண்டு. இரண்டு கன்றுகளை வளர்த்து நுகத்தில் பழக்கி, மறுபடி எட்டு ஆக்கிய அன்று என் மனைவி சுன்னிவா தொழுவத்துக்கே வந்து ஒவ்வொரு மாட்டின் நெற்றியையும் தொட்டாள்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் டென்மார்க்கிலிருந்து டேன்காரர்கள் ஆற்று முகத்துவாரத்தில் வந்து இறங்கினார்கள். எங்கள் தாத்தாக்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்பதால் ஊரில் பாதிப்பேருக்குச் சந்தோஷம். தோர்ஃபின், உல்ஃப் என்ற அண்ணன் தம்பி இருவரும் கோடரியைத் தூக்கிக்கொண்டு யார்க் நகரத்துக் கோட்டையைப் பிடிக்க அவர்களோடு கிளம்பினார்கள்.

சுன்னிவாவின் தம்பி ஓர்ம் மட்டும் வழியில் நின்று சிரித்தான். அவன் எதையும் சிரிக்காமல் சொல்ல மாட்டான். "வர்றவன் பூராவும் நான்தான் ராஜாங்கறான். எவனாவது ஒருத்தன், அண்ணே களை பிடுங்க வந்திருக்கேன்னு சொல்றானா பாரு" என்றான்.

"உனக்கு ரத்தமே இல்லடா" என்றான் தோர்ஃபின்.

"இருக்கு. உள்ளேயே இருக்கட்டும்னு பார்க்கிறேன்."

கோட்டையைப் பிடித்தார்கள். உங்கள் அரசர் பணம் கொடுத்ததும் டேன்காரர்கள் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். அண்ணன் தம்பி திரும்பவில்லை. பிறகு தெற்கே புகை தெரிந்தது. முதல் நாள் ஒரு புகை, மறுநாள் ஏழு. அங்கிருந்து ஓடிவந்தவர்கள் சொன்னார்கள்: குதிரைக்காரர்கள் ஆளைத் தேடவில்லை, வைக்கோலைத் தேடுகிறார்கள். மாட்டைக் கொல்கிறார்கள், கலப்பையை உடைக்கிறார்கள், தானியத்தைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். மனிதர்கள் தாமாகச் சாகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தக் குதிரைகளில் வந்தவர்களுக்கு விவசாயம் தெரிந்திருந்தது.

கோயிலில் கூடிப் பேசினோம். வடக்கே, ஓடையோடு மேலேறினால் அரைநாள் தூரத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் ஒரு பெரிய பள்ளம் உண்டு. வெளியே நின்றால் தெரியாது. மாடுகளையும் விதைப் பார்லியையும் உலர்புல்லையும் அங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று முடிவானது. எட்டு வீட்டுக்காரர்களும் தங்கள் மாட்டைத் தாங்களே ஓட்டி வந்து கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். கொல்லன் கிரிம், நொண்டி ஆர்கில், அண்ணன் தம்பி வீட்டுப் பெண்கள், பாதிரியார் எல்லோரும். குன்ஹில்ட் என்ற விதவை மட்டும் கயிற்றை உடனே விடவில்லை. அவள் புருஷன் நார்வேக்காரர்களோடு நடந்த சண்டையில் போனவன். "மணியக்காரரே, உங்களை நம்பித்தான் குடுக்கிறேன்" என்றாள். எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

ஓர்மும் நானும் ஓட்டிப் போனோம். பள்ளத்தில் கட்டிவிட்டு மூன்று நாள் அங்கேயே இருந்தோம். நாலாம் நாள் காலையில் ஓர்ம் ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானம் வந்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. வீடுகள் போய்விட்டன. கொல்லனை உலைக்களத்திலேயே வெட்டியிருந்தார்கள். மற்றவர்கள் கற்கோயிலுக்குள் இருக்கிறார்கள், இருபத்து மூன்று பேர், தின்ன எதுவும் இல்லை என்றான்.

பிறகு போய்ச் சாம்பலனை அவிழ்த்தான். அது அவன் வீட்டு மாடு.

"மச்சான், இதை இன்னைக்கு அடிச்சுருவோம். கிழடு. பத்து நாளுக்கு வரும்."

"எட்டுல ஒண்ணு போனா ஏர் இல்ல, ஓர்ம்."

"ஏரைப் புடிக்கறதுக்கு ஆள் வேணாமா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப அதை உப்புப் போட்டு வேக வைங்க. அக்கா ரெண்டு நாளா பனியைத் தின்னுட்டு உக்காந்திருக்கா. பத்து நாள் கழிச்சு அடுத்ததை அடிப்போம். அப்புறம் பார்லி இருக்கு. எல்லாரும் பொழைச்சுக் கெடந்தா மாடு எங்கேயாச்சும் வாங்கிக்கலாம், மச்சான்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் வடக்கே ட்வீட் ஆறு வரைக்கும் எரிந்து கிடக்கும்போது மாடு எங்கேயிருந்து வாங்குவது? ஒன்று போனால் அடுத்தது போகும். பிறகு விதை. வசந்தத்தில் இருபத்து மூன்று பேர் உயிரோடு, உழவு இல்லாமல், விதை இல்லாமல், அடுத்த பனியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். எல்லோரும் சாவதை ஒரு வருடம் தள்ளிப்போடுவதற்காக ஊரைக் கொல்ல வேண்டுமா? இதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பள்ளத்திலிருந்து ஏறும் பாதை பாறை விளிம்பிலேயே போகும். அன்று பனி இறுகிக் கண்ணாடியாக இருந்தது. ஓர்ம் முன்னால், மாடு பின்னால். தார்க்கோல் என் கையில் இருந்தது. மாட்டை நிறுத்துவதற்காக நீட்டினேன். மாடு நின்றது.

கீழே விழுந்தவன் உடனே போகவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் முதலில் சாம்பலனைத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டினேன். மிரண்டதில் முன்னங்காலை இடித்துக்கொண்டிருந்தது. குளம்பிலிருந்து மூட்டு வரைக்கும் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தண்ணீர் காட்டினேன். திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது.

ஊருக்குப் போய், குதிரைக்காரர்கள் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், மாடும் விதையும் போய்விட்டன, ஓர்மைக் கொன்றுவிட்டார்கள் என்று சொன்னேன். யாரும் அழவில்லை. குன்ஹில்ட் மட்டும், "என் மாடு கத்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை.

அந்தக் குளிர்காலத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்த வாசலில் நிற்கிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். முதலில் நாய்கள், பிறகு செருப்புத் தோல், பிறகு எல்ம் மரப்பட்டை. விறகு வெட்டப் போகிறேன் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் பள்ளத்துக்குப் போய்வந்தேன். ஓடைக்குள்ளேயே நடந்தால் பனியில் தடம் விழாது. மாடுகளுக்குப் புல் போட்டு, சாணம் அள்ளி, கழுத்தில் நுகம் படும் இடத்தைத் தேய்த்துவிடுவேன். குளிரில் சும்மா நிற்கும் மாட்டுக்குக் கழுத்து மென்மையாகிவிடும். வசந்தத்தில் நுகம் வைத்தால் புண்ணாகிவிடும். இதெல்லாம் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான் மிஞ்சியிருந்தேன்.

விதையில் நானும் தின்றேன். ஒரு தடவைக்கு ஒரு பிடி, பச்சையாக மென்று. புகை தெரியும் என்பதால் வேகவைக்கவில்லை. சத்தியத்தை மீறியதாக நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. கலப்பையைப் பிடிப்பவனும் ஏரில் ஒரு பாகம். மாட்டுக்குப் புல் போடுவது போல அவனுக்கும் போட வேண்டும். ஒரு பிடிக்கு மேல் ஒருநாளும் எடுக்கவில்லை.

நொண்டி ஆர்கில் பெண்டாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெற்கே கிளம்பினான். அங்கே ஒரு சீமாட்டி, தலையைக் கொடுப்பவர்களுக்குச் சோறு போடுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தான். அவள் இரண்டு கைக்கும் நடுவில் தலையை வைத்தால் முடிந்தது. தலைமுறைக்கும் அடிமை, தினமும் கஞ்சி. "நொண்டித் தலைக்கு அரைக் கஞ்சிதான் போடுவா" என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டே போனான். அவர்களோடு இன்னும் சிலரும் போனார்கள்.

பாதிரியாரை நாங்கள் சாமி என்று கூப்பிடுவோம். குடித்துக் குடித்துச் சிவந்த முகம், அப்போது கோயில் சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. ஒருநாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டில், நீ மட்டும் எப்படிடா நேரா நிக்கிற?"

"விறகு வெட்டறேன் சாமி. உடம்பு சூடா இருக்கு."

"நானும்தான் ஜெபம் பண்றேன். சூடு வர மாட்டேங்குது." கொஞ்சம் சிரித்தார். பிறகு, "பாவசங்கீர்த்தனம் ஏதாவது சொல்லணும்னா சீக்கிரம் சொல்லிடு. கேக்கறதுக்கு நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்" என்றார்.

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் வந்து ஒரு பிடி கேட்டிருப்பார். கொடுக்க மறுத்து அவரைச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

சுன்னிவா தவக்காலம் தொடங்கியபிறகு படுத்தாள். பலிபீடத்துக்குப் பின்னால் வைக்கோலில் படுக்க வைத்திருந்தேன். தன் தம்பியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாள் சாயங்காலம் பள்ளத்திலிருந்து திரும்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிறதா என்று குனிந்து கூப்பிட்டேன். அவள் கண்ணைத் திறக்காமல் மூக்கை மட்டும் அசைத்தாள்.

"உங்க வாயில பார்லி வாசம் வருது" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையை எடுத்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுக்கப் பலம் இல்லை, பிடித்தாள், அவ்வளவுதான்.

"தள்ளிப் போகாதீங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து மூச்சு விடுங்க."

அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நடுராத்திரி வரைக்கும் அப்படி இருந்ததாக நினைவு. முதுகு வலித்தது. நடுவில் ஒரு தடவை, ஓடிப்போய் ஒரு பிடி கொண்டுவந்து கொடுக்கலாமா என்று தோன்றியது. போய்வர ஒரு நாள் ஆகும். அதற்குள் முடிந்துவிடும், ஒரு பிடி விதை வீணாகும் என்று இருந்துவிட்டேன். அவள் இன்னும் இரண்டு நாள் இருந்தாள். அதை முன்கூட்டியே யாரும் சொல்ல முடியாது.

மார்ச் கடைசியில், மாதாவின் திருநாளன்று, பனி உருகிக் களி மிருதுவாயிற்று. எட்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். கலப்பையைக் கோயில் கோபுரத்துக்குள் ஒளித்திருந்தோம். அப்போது கோயிலில் குன்ஹில்ட் மட்டும்தான் இருந்தாள். அவள் மகள் முந்தைய வாரம் போயிருந்தாள். மாடுகளின் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எட்டும் இருக்கு" என்றாள்.

"இருக்கு."

"ஓர்மோடதும் இருக்கு."

"இருக்கு."

எட்டு மாட்டு ஏருக்கு முன்னால் நடக்க ஓர் ஆள் வேண்டும். நான் சொல்லாமலேயே போய்த் தன் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ரொட்டியைக் காலையிலேயே சுட்டிருந்தேன். அதைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை. வழக்கமான அளவுக்கே, ஓர் ஆளின் இரண்டு கை அகலத்துக்குச் செய்தேன். மற்றத் தானியம் கிடையாது, பார்லி மட்டும். முதல் சாலின் தலைப்பில் வைத்து, மண்ணைப் புரட்டி மூடி, அந்தக் கோடி வரைக்கும் ஓட்டினேன். சால் நேராக விழுந்தது. மாடுகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது முன்னால் ஆள் இல்லை. பார்த்தால், அவள் சாலின் தலைப்புக்குத் திரும்பிப் போய் முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தாள்.

நான் போகும்போது ஒரு கடி கடித்திருந்தாள். கையிலிருந்து வாங்கினேன். அவள் மல்லுக்கட்டவில்லை. கடித்த இடத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்து மறுபடி மூடினேன்.

"அந்த ரொட்டியில என் பொண்ணு ரெண்டு நாள் இருந்திருப்பா, மணியக்காரரே" என்றாள்.

அவள் குரல் உயரவில்லை. ஒரு கணக்கைச் சரி பார்ப்பது போலச் சொன்னாள். நானும் மனதில் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் இருந்திருப்பாள். சொல்லவில்லை.

அவள் சால் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் தனியாகத்தான் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் வரும்போது அவள் இருந்தாள். நாலாவது நாள் சாய்ந்திருந்தாள். வாயைச் சுற்றி மண். கழுவிவிட்டுத்தான் புதைத்தேன். உழுது முடிக்க ஏப்ரல் முழுதும் ஆனது. விதைத்தேன். அதைப்போல ஒரு முளைப்பை நான் பார்த்ததில்லை, ஐயா. அந்தப் பள்ளத்தாக்கு முழுதும் கறுப்பாகக் கிடக்க, எங்கள் வயல் மட்டும் பச்சை.

அதனால்தான் அவர்களுக்கு மலைப்பாதையிலிருந்தே தெரிந்திருக்கிறது. மே கடைசியில் புதிய பிரபுவின் ஆட்கள் பன்னிரண்டு பேர் இறங்கி வந்தார்கள். குதிரைகளைப் பார்லியில் மேயவிட்டார்கள். யார்க் கோட்டைக்கு மரம் இழுக்க வேண்டும் என்று எட்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். கழுத்துகளைத் தடவிப் பார்த்து, நன்றாக வளர்த்திருக்கிறாய் என்று ஒருவன் ஜாடை காட்டினான்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இன்று. கலப்பை கோயிலுக்குள் இருக்கிறது. கொழுவில் ஆட்டுக்கொழுப்புத் தடவி வைத்திருக்கிறேன், துரு கிடையாது. எட்டு நுகக்கண்ணியும் இருக்கின்றன. மண்வெட்டியால் கொத்தி எனக்கு வேண்டிய பட்டாணி போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் கலப்பையை வாசலுக்கு இழுத்து வந்து, கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். வசந்தத்தில் பட்டாணி மாவில் சுட்ட ரொட்டியையும் மண்ணுக்கடியில் வைக்கிறேன். ஒரு வருடமும் தவறியதில்லை.

சத்தியம் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. அந்தப் பாதையில் தார்க்கோலை மாட்டை நிறுத்த நீட்டியதாகச் சொன்னேன். ஓர்ம் மாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். நான் மாட்டைத் தாண்டி, அவன் முதுகை நோக்கித்தான் நீட்டினேன். அழுத்தவும் செய்தேன். துபாஷி அதைத் திருத்திச் சொல்லிவிடட்டும்.

நீங்கள் கூப்பிட்ட எட்டுப் பேரின் விவரம் இது. பாதிரியார் மாதாவின் திருநாளுக்கு முந்திய வாரம், சுவரில் சாய்ந்தபடி போனார். தோர்ஃபினும் உல்ஃபும் யார்க்கில். கொல்லன் கிரிம் உலைக்களத்தில். ஆர்கிலும் அவன் வீட்டாரும் தெற்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பனி உருகியபோது தெரிந்தார்கள். சீமாட்டி வீடு அங்கிருந்து ஒரு மைல். அவர்களோடு போனவர்களும் அங்கேதான். குன்ஹில்ட் சால் ஓரத்தில், அவள் மகளுக்குப் பக்கத்தில். சுன்னிவா கோயிலுக்குப் பின்னால். ஓர்ம் பள்ளத்தில்; அங்கே மண் இல்லை, கல்தான் அடுக்கியிருக்கிறேன். மணியக்காரர் உங்கள் முன்னால்.

ஹெல்கபி, ஓர் ஏருக்கு நிலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊரைப் பொறுத்தவரை ஒன்றும் குறையவில்லை, ஐயா. மாடும் ஆளும் மட்டும்தான்.